கால் ஊன்றாமல் கடல்வரை

கோலா கிளாவாங் கடைத்தெருவில் மற்றவர்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். முருகையா மட்டும் கடைத்தூண் ஒன்றை ஒரு கையால் பற்றிக்கொண்டு, இரண்டு கால்களையும் மிதிகட்டையில் வைத்தபடி சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

மம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன். அவன் மகள் கோகிலாவுக்கு இதயத்தில் ஓட்டை. அடுத்த வாரம் கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை. அந்தச் செலவுக்கு உதவி திரட்டத்தான் தோட்டத்து இளைஞர் மன்றம் இந்த மலையூரிலிருந்து போர்டிக்சன் கடற்கரை வரை சைக்கிளில் புறப்பட்டிருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகன் சந்திரன் போட்ட திட்டம். எண்பத்து நான்காம் ஆண்டு அது, படம் எடுக்கப் பேப்பர்காரர்கூட வந்திருந்தார்.

சந்திரனுக்குத் தெரியாத திட்டம் ஒன்றும் இருந்தது. முருகையாவின் மனைவி மயிலம்மாள் தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். வழியில் எங்கேயும் அவன் தரையில் கால் படாமல் ஓட்டி வருவான். பிள்ளையை ஆபரேஷன் மேசையிலிருந்து உயிரோடு இறக்கிக் கொடு. வெளியே சொன்னால் பலிக்காது என்றும் சொல்லிவிட்டாள். வேண்டியவள் அவள், மிதிக்க வேண்டியவன் அவன்.

புக்கிட் தங்கா ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். பால் வாளி கட்டும் கனத்த சைக்கிளை முருகையா சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வளைத்து வளைத்து ஏற்றினான். தொடை நடுங்கியது. வாயில் இரும்புச் சுவை. கோகிலா நாலு படி ஏறினாலே இப்படித்தான் மூச்சு வாங்குவாள் என்று நினைத்தான். நினைத்ததும் இன்னும் அழுத்தி மிதித்தான்.

ராசா என்ற ஊரில் கோயில் வாசலில் ரோஜா சிராப் தண்ணீரும் மாலையும் காத்திருந்தன. எல்லாரும் இறங்கினார்கள். அவன் வாசலைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, செக்கு மாடு செத்துப்போச்சா, நீங்க சுத்துறீங்க?" என்றான் ஒருவன். சிரித்தார்கள். இன்னொருவன் கூடவே ஓடி வந்து கோப்பையை நீட்டினான். பாதி சட்டையில் கொட்டியது.

"யாருக்காக ஓட்டுறோமோ அவரே நிக்க மாட்டேங்கிறாரு லா," என்றான் சந்திரன், பேப்பர்காரரின் காதில் விழும்படி. "போட்டோவுக்குக்கூட ஒரு நிமிஷம் இல்ல. பெரிய இவரு."

முருகையா தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு சுற்றுப் போனான்.

சிலியாவ் ஊரை அடைந்தபோது நல்ல மழை. கூட்டம் சாப்பாட்டுக் கடைக்குள் ஒதுங்கியது. அங்கே சுற்றி வர இடமில்லை; அவன் தனியாக முன்னால் போனான். சிறிது நேரத்தில் பின்னால் மணிச்சத்தம்.

"அண்ணே, நில்லுங்க. எல்லாரும் ஒண்ணாத்தான் போய்ச் சேரணும்." சந்திரன் ரேஸ் சைக்கிளில் அவனைத் தாண்டினான். "உங்களுக்கு என்னதான் கோவம்?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டான். அந்தத் திரும்பலில் முன்சக்கரம் சரளையில் வழுக்கியது. சைக்கிளோடு அவன் சாலையோர லோங்கான் வடிகாலுக்குள் போனான்.

முருகையா நிறுத்தவில்லை. பின்னால் ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டான். ஒரு முனகல் கேட்டிருந்தால் அப்படியே மிதித்துப் போயிருப்பான், முனகுகிறவன் பிழைத்துக்கொள்வான். ஒன்றும் கேட்கவில்லை. மரங்களில் மழை சொட்டுவது மட்டும் கேட்டது.

அவன் சைக்கிளைத் திருப்பியதை இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. அந்த அமைதியை முதுகில் சுமந்து மிதிக்க அவனால் ஆகவில்லை, அவ்வளவுதான். லோங்கானருகே வந்து இடது காலை ஊன்றினான். வானம் இடிந்து விழவில்லை. தரை ஈரமாக இருந்தது.

சந்திரன் முகம் குப்புறத் தண்ணீரில் கிடந்தான். முருகையா அவனை இழுத்துப் புரட்டி முதுகில் தட்டினான். அவன் இருமிக் கக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"ஏண்ணே நிக்கவே மாட்டேன்னீங்க?"

"இப்ப நின்னுட்டேன்ல. பேசாம கெட."

கூட்டத்துக்குத் துணையாகப் பின்னால் வந்த வேன் சந்திரனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. முருகையா மறுபடி மிதித்தான். மிச்ச வழி முழுக்க மழையும் எதிர்க்காற்றும். எதற்காக மிதிக்கிறோம் என்று தெரியாமலே மிதித்தான்.

கடற்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். ஓரமாக ஒரு சவுக்கு மரத்தடியில் மயிலம்மாள் கோகிலாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை தூங்கியது. உதடு நீலம் பூத்திருந்தது.

"கால் ஊனலையே?"

பொய் நாக்கு நுனியில் இருந்தது. குழந்தையின் உதட்டைப் பார்த்தான்.

"ஊனிட்டேன். அந்தக் கிராணி மவன் லோங்கான்ல விழுந்து பேச்சு மூச்சில்லாம கெடந்தான்."

அவள் திட்டவில்லை. முந்தானையால் குழந்தையின் காலை மூடினாள்.

"எந்த எடத்துல?"

"சிலியாவ் தாண்டி, ரெண்டாவது வளைவு."

"அப்ப அங்க போயி, அங்கேருந்து திரும்ப ஓட்டிக்கிட்டு வாங்க."

"அது செல்லுமா புள்ள?"

"எனக்கு என்ன தெரியும்? வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

பந்தலில் ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்லி மாலைக்குக் கூப்பிட்டது. அவன் சைக்கிளைத் திருப்பினான். போகும் வழியில் கால் ஊன்றலாம். அதற்கு வேண்டுதல் எதுவும் இல்லை. லுக்குட் ஏற்றத்தில் கால் பின்னியது, சைக்கிள் தள்ளாடியது. அப்போதும் அவன் ஊன்றவில்லை.