மக்காட்டுக்கும் டயருக்கும் நடுவே

பஞ்சர் ஒட்டும் ரப்பர் சொலூஷனும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை இப்போதும் எங்காவது மூக்கில் பட்டால், கோவில்பட்டியில் அந்தச் சைக்கிள் கடை வாசலில் கூச்சப்பட்டு நின்ற பதினான்கு வயதுப் பெண்ணாகிவிடுகிறேன். கடை நிலைக்கு மேலே கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்த புது மட்கார்டுகள் காற்றுக்கு ஒன்றோடொன்று உரசிக் கணகணத்துக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் அதற்கு 'மக்காடு' என்றுதான் பெயர். இரண்டு தகரத் துண்டு, அவ்வளவுதான். ஆனால் நான் ஒன்பதாம் வகுப்பு படிப்பேனா, தீப்பெட்டி ஆபீசுக்குப் போவேனா என்பது அந்த இரண்டு தகரத் துண்டில் இருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க ஐந்து மைல் தள்ளிக் கோவில்பட்டிக்குப் போகவேண்டும். பஸ் வருவதும் வராததும் அதன் இஷ்டம். எட்டு முடித்த பெண்பிள்ளைகளை விடியுமுன்னே வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஏற்றிக்கொண்டு போய்விடும். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துவிட வேண்டாம், தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத்தான் எங்கள் பக்கத்தில் அந்த மரியாதை. வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீடுதான் என்றாலும் நிலம் மானாவாரி. மழை பெய்தால்தான் அது எங்களைக் கவனிக்கும். அதனால் அம்மாவுக்கு வேன் பக்கம்தான் மனசு. அப்பாவோ, மாற்றலாகிப் போன டீச்சர் ஒருத்தரிடம் பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி, மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டுவந்து வாசலில் இறக்கினார். அதில் மக்காடு துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது.

அம்மா சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்தாள். பள்ளிக்கூடத்துச் சீருடை வெள்ளைத் தாவணி. ஊர் ஆண்களின் சைக்கிள் ஒன்றில்கூட மக்காடு கிடையாது. மழைக்காலத்தில் அவர்கள் முதுகெல்லாம் பொட்டுப் பொட்டாகக் கரிசல் ஏறி வருவதை அவள் பார்த்திருக்கிறாள். கஞ்சத்தனத்தில்தான் அவர்கள் மக்காடு போடவில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். மாமா மகன் சைக்கிளில் நான் பழகியதைத் தவிர, எங்கள் வீட்டில் யாருக்கும் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"வயசுக்கு வந்த பிள்ள முதுகெல்லாம் சகதியோட தெருவுல வந்தா நாலுபேரு என்ன பேசுவாவ? ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோ. ஒரே ஒரு நா தாவணியில சகதியோட வந்து நில்லு, மறுநாளு வேன்தான்" என்றாள். சொன்னால் செய்கிறவள் அம்மா.

அதற்குத்தான் அந்தச் சைக்கிள் கடை. அப்பா என்னைக் கடையில் நிறுத்திவிட்டுப் பருத்திக்கொட்டை வாங்கப் போய்விட்டார். கடைக்கார அண்ணாச்சி இரண்டு சோடி மக்காட்டை எடுத்துப் போட்டார். ஒன்று அகலமாய், கறுப்புப் பெயிண்ட் அடித்து, பார்க்கவே சப்பென்று இருந்தது. மற்றது ஒடுக்கமாய், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று, இரண்டு ஓரமும் நன்றாக இறங்கி, வாலில் சிவப்பு ரப்பர் வைத்து இருந்தது. நான் இரண்டாவதைத் தொட்டேன்.

"போற பாதை தார் ரோடா தாயி, கரிசப் பாதையா?" என்று கேட்டார்.

நாலு மைல் தார் ரோடு. ஓடைப் பாலத்தில் இறங்கி ஊர் போகிற கடைசி ஒரு மைல் சுத்தக் கரிசல். பக்கத்தில் காற்றடித்துக்கொண்டிருந்த இரண்டு டவுன் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ரோடு இல்லை என்று அவர்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

"தார் ரோடுதான்" என்றேன்.

"அப்பன்னா ஒரு விரல் எடம் போதும். ஒரு சொட்டு மேல படாது" என்று சொல்லி, கம்பிகளை வளைத்து, தகரம் டயரை ஒட்டினாற்போல வரும்படி போல்ட்டை முறுக்கினார். நான் சுண்டுவிரலை நடுவில் விட்டுப் பார்த்தேன். சிக்கென்று இருந்தது. இனி எந்த வேனும் என்னை ஏற்றிக்கொண்டு போகாது என்ற நிம்மதியில் வீடு வந்தேன்.

புரட்டாசி முடியும்வரை மழையே இல்லை, வெறும் புழுதிதான். ஐப்பசியில் ஒருநாள் கடைசிப் பாடவேளையில் பிடித்த மழை, மணி அடிக்கும்போது விட்டது. தார் ரோட்டில் தண்ணீர் சளசளவென்று தெறித்தது. என் மேல் ஒரு சொட்டு இல்லை. பாலத்தில் இறங்கித் தாவணியை முன்னால் இழுத்துப் பார்த்தேன், காலையில் கட்டியபடியே வெள்ளையாக இருந்தது. அவ்வளவு பெருமை எனக்கு.

கரிசலில் இறங்கிப் பத்தடிகூடப் போகவில்லை. பின்சக்கரம் நின்றுவிட்டது. டயரில் ஒட்டிய மண் சுற்றிவந்து மக்காட்டுக்குள் அடைத்து, போதாததற்கு வைக்கோல் துரும்பையும் சேர்த்துக்கொண்டு சிமெண்டுபோல இறுகியிருந்தது. ஒரு பருத்திமார்க் குச்சியை ஒடித்துக் குத்திக் குத்தி எடுத்தேன். இன்னும் பத்தடி, இப்போது முன்சக்கரம். உருட்டவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. ஊர் ஆண்கள் ஏன் மக்காடு போடுவதில்லை என்பது அங்கன நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. இருட்டுவதற்குள் போய்விட வேண்டுமே என்று சைக்கிளைத் தோளில் தூக்கிவிட்டேன். அடிக்கு ஒரு படி மண் காலோடு வந்தது. இரண்டு இடத்தில் விழுந்தேன், ஒரு தடவை சைக்கிளும் என் மேல் விழுந்தது. வாய்விட்டு அழுதேன். சகதிக்காக அழவில்லை, மறுநாள் காலையில் வேனில் எந்த ஓரத்தில் உட்காரச் சொல்வார்களோ என்று நினைத்துத்தான் அழுதேன்.

வாசலில் அம்மா நின்றாள். என் உடம்பில் வெள்ளை என்று பார்த்தால் கண் மட்டும்தான் இருந்திருக்கும்.

"தூக்கிட்டா வந்தே?"

"ஆமா."

"எங்க இருந்துட்டி?"

"ஓடப் பாலத்துல இருந்து."

என் தோளிலிருந்து சைக்கிளை அவளே இறக்கினாள். குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து என் தலையில் ஊற்றினாள். பிறகு, ஸ்பானர் வாங்கிவருகிறேன் என்று வடக்குத் தெருவுக்குப் போனாள். நாலு வீடு தள்ளிப் போய்வர அத்தனை நேரமா என்று அப்பாவே எட்டிப் பார்த்தார். திரும்பிவந்து ஸ்பானரை அவர் கையில் கொடுத்து, "இந்தத் தகரத்தக் கழத்திப் போடுங்க. சகதி பட்டா நான் துவைச்சுக்கிடுதேன். இவ பள்ளிக்கூடம் போகட்டும்" என்றாள்.

அதன்பின் ஒவ்வோர் ஐப்பசியிலும் மக்காடு சுவரில் ஆணிக்குப் போய்விடும், தையில் இறங்கி மூன்று விரல் இடைவெளியோடு சைக்கிளில் ஏறும். எத்தனை சவுக்காரம், எத்தனை நீலம் போட்டாலும் கரிசல் முழுசாகப் போகவில்லை. என் தாவணிகளில் முதுகுப் பக்கம் சாம்பல் நிறப் பொட்டுகள் இருந்துகொண்டே இருந்தன. வகுப்பில் 'புள்ளிமான்' என்று கூப்பிட்டார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது வீட்டு வாசல் வரைக்கும் தார் ரோடு. வெள்ளைத் தாவணி எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. சைக்கிள் பழைய இரும்புக்குப் போய் எவ்வளவோ காலமாயிற்று, சுவரில் அந்த ஆணி மட்டும் இருக்கிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, கடையில் தார் ரோடு என்று பொய் சொன்னதை முதல்முறையாக அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சிரித்தாள். பிறகு, "நீ சைக்கிளத் தூக்கிட்டு வந்த அன்னைக்குக் காலையிலதான், இந்த வருசமும் மழையக் காணோமேன்னு வேன் ஏஜெண்டுகிட்ட, 'திங்கக்கெழமையில இருந்து எம்பிள்ள வேனுக்கு வருவா'ன்னு சொல்லிட்டு வந்திருந்தேன்" என்றாள். வேனுக்குப் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் அந்த ஏஜெண்ட் வீடும் வடக்குத் தெருதான்.

"பெறகு?" என்றேன்.

"பெறகென்ன? அந்த மழச் சகதியில ஒரு ஸ்பானர் வாங்கவா அம்புட்டு நேரம் ஆவும்?"