மூன்றில் ஒரு பங்கு

அம்மா கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனபோது நான் ஏழாம் வகுப்பு. அப்பா ஒரகடத்துக்காரர். அம்மா சங்கரன்கோவில் பக்கமிருந்து வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்த அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டவள். தாத்தா விழுந்து இடுப்பு முறிந்ததென்று தகவல் வந்ததும் கிளம்பினாள். "மாசக்கணக்குல போய் உக்காந்துகினா வூட்டை யார் பாக்கறது? போனா அங்கியே இருந்துக்கோ" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா போயே விட்டாள்.

அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கம்பெனிக்குள் கேமரா போன் கூடாது என்பதால் அப்பாவின் போன் வீட்டிலேயே இருக்கும். அம்மா அதில் எனக்குக் குரல் பதிவு அனுப்புவாள். ஷிப்டு முடிந்து வரும் அப்பா, ஷூவைக் கழற்றியபடி சுவரைப் பார்த்துக் கேட்பார். "இன்னாவாம் உங்கம்மாவுக்கு?"

அந்தச் சமயத்தில்தான் தமிழ் டீச்சர் சுருக்கி வரைதல் நடத்தினார். மையக்கருத்தைக் கண்டுபிடி. வருணனையை அடி, உதாரணத்தை அடி, சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தால் அதையும் அடி. மூன்றில் ஒரு பங்காக்கு. உன் சொந்தக் கருத்தைச் சேர்க்கவே சேர்க்காதே. எனக்கு அது கைவந்த வேலையாக இருந்தது. அம்மாவின் பதிவுகளையும் நோட்டில் சுருக்கி எழுதி அப்பாவிடம் நீட்ட ஆரம்பித்தேன். எழுதியதும் பதிவை அழித்துவிடுவேன், போனில் இடமிருக்காது. அதில் ஒன்றாவது இன்று கைக்குக் கிடைத்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஐப்பசி மழையில் நீளமான பதிவு ஒன்று வந்தது. "ஏட்டி, அங்க மழையா? உங்கப்பா ரெயின்கோட்டு பீரோ மேல கெடக்கும், எடுத்துக் குடு. சாப்பிட்டாரா? தாத்தா கம்ப ஊனி நடக்காரு. எனக்கு இங்க இப்பம் ஒரு வேலையும் இல்ல. பக்கத்து வீட்டு அக்கா மகள மாப்பிள்ள வந்து கூட்டிட்டுப் போனாரு, அவ மொகத்தப் பாக்கணுமே! மெட்ராஸ் ரயில்ல கூட்டமே இல்லையாம். உங்கப்பா சாப்பிட்டாரா?" நடுநடுவே மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

ரெயின்கோட்டை எடுத்து வைத்தேன், அது முடிந்த வேலை. பக்கத்து வீட்டு மகள் உதாரணம். ரயில் தொடர்பில்லாதது. சாப்பிட்டாரா என்பது இரண்டு முறை வந்துவிட்டது. எல்லாம் போக, "தாத்தா நடக்கத் தொடங்கிவிட்டார். ஊரில் அனைவரும் நலம்" என்று எழுதினேன்.

அப்பா அதைப் படித்துவிட்டு, பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். "என்னியப் பத்தி எதுனா கேட்டாளா?"

"கேட்டாங்க, ஆனா அது மையக்கருத்து இல்லப்பா."

"அவங்கப்பாதான் நடக்கறார் இல்ல? இவ திரும்பி வரேன்னு சொன்னாளா?"

நான் நேர்மையாக யோசித்தேன். "சொல்லல."

அப்பா நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

முழுப்பரீட்சை முடிந்ததும் என்னை அம்மாவிடம் கொண்டுபோய்விட்டார். நான் அங்கேயே பள்ளியை முடித்தேன். அவர் ஒரகடத்திலேயே தனியாக இருந்துவிட்டார். விட வந்த அன்று மதியம் அம்மா பரிமாறினாள், அவர் தலைகுனிந்து சாப்பிட்டார். பிறகு தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, வாழ்நாளில் பேசாத அளவு என்னிடம் பேசினார். சாம்பாருக்கு உப்பே சரியாக அமைவதில்லையாம். பக்கத்துக் கம்பெனியில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்களாம். அம்மாவின் பச்சைப் புடவை மேல் பூனை குட்டி போட்டிருக்கிறதாம், அவர் அதைக் கலைக்கவில்லையாம். சொல்லும்போதெல்லாம் என்னைத் தாண்டி, வாசலில் நின்ற அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்ததும், "நல்லாப் படி" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

நான் ஓடி வந்ததும் அம்மா கேட்டாள். "அவ்வளவு நேரமா என்னட்டி சொன்னாரு?"

"நல்லாப் படிக்கச் சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

பஸ் திரும்பி மறைந்த பிறகும் அம்மா உள்ளே வரவில்லை. அத்தனை பெரிய பேச்சை இரண்டே வார்த்தையில் அடக்கிவிட்ட சந்தோஷத்தில், மீதி அப்பளத்தைத் தேடி நான் அடுப்படிக்குப் போனேன்.