நிறைய என்பதற்கு அவள் கொடுத்த வார்த்தை

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் மெயில் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அனுப்புவதற்கு முன் நம்பிக்கையான ஒருவரிடம் காட்டிவிடுவோம். எனக்கு அந்த ஒருவர் பக்கத்து இருக்கைக்காரி. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், டெஸ்பாட்ச் பிரிவில், இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் கான்வென்ட். நான் மாடம்பாக்கத்தில் அரசுப் பள்ளி. அவள் என் மெயிலைத் திருத்துவாள், நான் அவளுடைய ஸ்டாக் ஷீட்டைச் சரிபார்ப்பேன். மத்தியானம் என் புளிக்குழம்பை இருவரும் சாப்பிடுவோம். ஆறு வருடம் இப்படித்தான் போயிற்று.

ஒருநாள் என் மெயிலில் 'மெனி' என்ற சொல் நான்கு இடத்தில் வந்துவிட்டது.

"எல்கேஜி பசங்க மாதிரி மெனி, மெனின்னு எழுதுற. காப்பியஸ்னு போடுடி. நிறையன்னு அர்த்தம். கெத்தா இருக்கும்."

"எல்லா எடத்துலயும் போடலாமா?"

"தாராளமா போடு."

போட்டேன். கேட்டில் காப்பியஸ் லாரிகள் நிற்கின்றன என்று எழுதினேன். காப்பியஸ் டிரைவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்று எழுதினேன். மேனேஜர் ஓய்வு பெற்ற அன்று என்னை வாழ்த்து வாசிக்கச் சொன்னார்கள். உங்களுக்கு இங்கே காப்பியஸ் நண்பர்கள் இருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் கணீரென்று வாசித்தேன். கைதட்டலோடு சிரிப்பும் வந்தது. என்மேல் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பிறகு, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதும் வேலை ஒன்று கம்பெனிக்குள்ளேயே காலியானது. எனக்கு அது வேண்டும். இங்கிலீஷ் வராதவள் என்ற பேச்சு அதோடு ஒழியும் என்று ஆசை. விண்ணப்பத்தை மூன்று நாள் உட்கார்ந்து எழுதி அவளுக்கு மட்டும் அனுப்பினேன். "சூப்பர்டி, ஒரு எழுத்துகூட மாத்தாத" என்று பதில் வந்தது.

மறுநாள் அவளுடைய போன் என் மேஜையில் சார்ஜில் கிடந்தது. ஷாப் ஃப்ளோரிலிருந்து இன்டர்காமில் கூப்பிட்டாள். "என் போன்ல பேக்கிங் போட்டோ ஒண்ணு இருக்கும், சூப்பர்வைசருக்கு அனுப்பிடுடி." பூட்டு எண் எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பைத் திறந்தால் மேலேயே ஒரு குழு, பெயர் 'காப்பியஸ்'. எங்கள் பிரிவில் என்னைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். மாதக்கணக்கில் என் மெயில்களைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். கடைசியாக இருந்தது என் விண்ணப்பம். வீட்டில் காப்பியஸ் மனிதர்கள் இருப்பதால் எந்த ஷிஃப்டுக்கும் வர முடியும் என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ஒருவர், "வூட்ல ஜனம் ஆறா ஓடுதா?" என்று கேட்டிருந்தார். "இன்னும் இருக்கு, வெயிட் பண்ணுங்க" என்று அவள் எழுதியிருந்தாள்.

பேக்கிங் போட்டோவைத் தேடி சூப்பர்வைசருக்கு அனுப்பிவிட்டுப் போனை வைத்தேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ் பெருங்களத்தூரில் நகராமல் நின்றபோது அகராதியைப் பார்த்தேன். அது பெருகி வருகிறவற்றுக்கான சொல். மழைக்குச் சொல்லலாம், கண்ணீருக்குச் சொல்லலாம், பக்கம் பக்கமாக எடுத்த குறிப்புகளுக்குச் சொல்லலாம். லாரிக்கும் டிரைவருக்கும் வீட்டு மனிதர்களுக்கும் ஒட்டாது. பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் இருக்க அகராதி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் வழக்கம்போல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என் அப்ளிகேஷன குரூப்ல போட்டிருக்க," என்றேன்.

முகம் வெளுத்தது. "சும்மா ஜாலிக்குடி. உன்மேல எல்லாருக்கும் பாசம்தான்."

"அந்தப் பாசத்த காப்பியஸ்னு சொல்லலாமா, கூடாதா? நீதான் இங்கிலீஷ் தெரிஞ்சவளாச்சே, சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் எழுந்து டிரைவர் பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த வேலைக்கு அவளும் போட்டி போட்டிருந்தால் வயிற்றுப்பிழைப்பு என்று விட்டிருப்பேன். அவள் விண்ணப்பிக்கவே இல்லை. மத்தியானத்தில் சிரிக்க ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவர்களுக்கும் ஏதோ ஒரு லாபம் இருக்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

அந்த வார்த்தையை எல்லா இடத்திலும் அடித்துவிட்டு, யாரிடமும் காட்டாமல் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு புகைப்படத்தைக் காட்டி, நடந்ததை வாடிக்கையாளருக்கு விளக்கி எழுதச் சொன்னார்கள். மரப்பெட்டிக்குள் டின் உடைந்து, எண்ணெய் வழிந்து, தரையெல்லாம் குளம் கட்டியிருந்தது. அந்தச் சொல்லுக்கென்றே எடுத்த படம். அங்கே எழுதினால் யாராலும் சிரிக்க முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் எழுத்தைத் தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டி மறுபடி அழித்தேன். கடைசியில் 'எ லாட் ஆஃப் ஆயில்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"சிம்பிளா எழுதியிருக்கீங்கம்மா, நல்லா இருக்கு," என்றார் படித்துப் பார்த்த அதிகாரி. வேலை எனக்கே கிடைத்தது. குழுவில் இருந்தவர்கள்கூட வந்து கைகொடுத்தார்கள். அவளும் வந்தாள். சரியான வார்த்தை தெரிந்தும் எழுதப் பயந்தவள் நான் என்பது அவளுக்குத் தெரியாது. கேலி செய்ததை மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்தப் பயத்துக்காக அவளை மன்னிக்க மாட்டேன்.