நாலு சரண டாஃபி

அடுப்பில் டாஃபி கருகத் தொடங்கிவிட்டது. அந்த வாடையில் எனக்குச் சித்தூர் மிஷன் காம்பவுண்டு வீடு நினைவுக்கு வருகிறது.

அங்கே அம்மா டாஃபி கிண்டக் கடிகாரம் பார்த்ததில்லை. பங்களா துரைசாணியிடம் சமையல்காரராக இருந்த தாத்தா சொன்ன கணக்குதான். சர்க்கரை கரைந்ததும் கீர்த்தனையைத் தொடங்க வேண்டும். நாலாவது சரணம் முடிந்ததும் சட்டியை இறக்கிவிட வேண்டும்.

அண்ணன் குவைத்துக்குக் கிளம்பிய காலையிலும் அடுப்பில் டாஃபி இருந்தது. அவன் பெட்டியோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தான்.

“ம்மா, ரேணிகுண்டாவுல ரயில் பூடும். சீக்கிரம் பாடு!”

“பாடிக்கினுதானடா இருக்கேன்.”

ஒவ்வோர் அடியையும் இழுத்து இழுத்துப் பாடினாள். மூன்றாம் சரணம் முடிந்ததும் மறுபடி முதல் சரணத்துக்குப் போனாள். புகை கிளம்பியது. “அம்மா, கருகுது” என்று கத்தினேன். அவள் திரும்பவேயில்லை. கறுத்துப்போன டாஃபியைத்தான் அண்ணன் கொண்டுபோனான்.

பாட்டை மறந்துவிட்டாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இதோ, என் பெங்களூர் வீட்டு வாசலில் மகள் பெட்டியோடு நிற்கிறாள். “கேப் வந்துடுச்சும்மா. ஃப்ளைட்டுக்கு லேட்டாகுது. இன்னுமா முடியல?”

சட்டியிலிருந்து புகை வருகிறது. நான் மறுபடி முதல் சரணத்துக்குப் போகிறேன்.