காகமில்லாத நாட்டில் ஒரு திவசம்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்லும் சிரமம் வேண்டாம். மகனின் திவசத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் யோசித்து யோசித்துப் பெட்டியில் அடுக்கி, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து நியூசிலாந்து வரைக்கும் பறந்து, கட்டிலும் அடுப்பும் உள்ள ஒரு வானை வாடகைக்கு எடுத்து, பாதி உயிர் போக ஒரு மலையில் ஏறி, சோற்றைப் படைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அந்த ஊரில் காகம் இல்லை.

காகத்துக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்று எங்களில் யாருக்குத்தான் தோன்றும்? வெள்ளவத்தையில் காகத்தை யாரும் அழைப்பதில்லை, துரத்துவதுதான் வேலை. பல்கனியில் தும்புத்தடியோடு நின்று நான் நடத்திய போர்கள் ஒன்றிலும் எனக்கு வெற்றி கிடைத்ததில்லை. முதலாம் ஆண்டுத் திவசத்தில், படைத்த சோற்றில் ஒரு பிடி எடுத்து மனைவி பல்கனிச் சுவரில் வைக்க முன்னமே காகங்கள் வந்து குந்திவிட்டன. "பிள்ளைக்குப் பசி போல" என்றாள். காகம் வாய் வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். அன்றைக்கு அது கண்மூடித் திறக்க முன் முடிந்துவிட்டது.

எங்களுக்கு ஒரே பிள்ளை. படித்து முடித்ததும் நியூசிலாந்துக்கு வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனில் கோல் எடுத்தால் கடைசியில் ஒரே கதைதான். "அப்பா, வாங்கோ. ஒரு கேம்பர் வான் எடுத்து மூண்டு பேரும் சுத்துவம். மலையெல்லாம் நடப்பம்."

"வீட்டில கட்டில் இருக்க வானுக்குள்ள படுக்க எனக்கென்ன விசரே?" என்பேன். அவன் சிரிப்பான். நானும் சிரிப்பேன். அடுத்த வருஷம் பார்ப்போம் என்று வைத்துவிடுவேன்.

அங்கேயே ஒருநாள் படுத்தவன் எழும்பவில்லை. இதயம் என்றார்கள். வழமையாக அவன் வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்தில், ஆட்கள் வெளியே வரும் வாசலில் முண்டியடித்துக்கொண்டு நிற்பேன். அந்தமுறை அங்கே நிற்க வேண்டாம், சரக்குகள் வரும் பக்கம் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

செத்தவீட்டில் நான்தான் எல்லோரையும் கவனித்தேன். வந்தவர்களுக்குக் கதிரை போட்டேன், தேத்தண்ணி கிடைத்ததா என்று கேட்டேன். பழைய கந்தோரில் கூட வேலை செய்த நண்பர் ஒருவர் கட்டிப்பிடித்து அழ, "மெல்ல ஐசே, உம்மட பிரஷருக்கு இன்னொரு செத்தவீடு செய்ய எங்களுக்கு இப்ப வசதியில்லை" என்றேன். அவர் அழுதபடியே சிரித்தார். மூலையில் இருந்த மனைவி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

இரண்டாம் ஆண்டு நெருங்கும்போது அவள் சொன்னாள்: "இந்தமுறை அங்க போய்ச் செய்வம். பிள்ளை சொன்ன மாதிரி வான் எடுத்து."

சிரித்துச் சமாளிக்க நான் பகிடி ஒன்றைத் தேடினேன். அகப்படவில்லை. விசாவுக்குப் போட்டோம்.

போகிற அன்று லிஃப்டுக்குள் மேல்மாடி அம்மா எங்கள் காலில் இருந்த மலையேறும் சப்பாத்துகளைப் பார்த்தார். "பயணமோ? நல்லது, நல்லது. மனசுக்கும் ஒரு மாற்றம் வேணும்தானே." லிஃப்ட் கீழே போய்ச் சேரமுன் நாங்கள் தேனிலவுக்குப் போவதாக முடிவு கட்டியிருப்பார். மனைவி சப்பாத்தைச் சாமான் பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

வானைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அங்கேயும் எங்களைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்றதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நுவரெலியா மலை வீதியில் பழகிய பழக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் ஹோர்ன் அடித்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் செம்மறியாடுகள் மட்டும் நின்றன. அவை கூட ஒருமாதிரித்தான் பார்த்தன.

"என்னப்பா, ஆருக்கு அடிக்கிறியள்?"

"வாறவைக்கு."

"ஒருத்தரும் வரேல்லை."

உண்மைதான். அப்படி ஒரு வெறும் வீதியை நான் கண்டதில்லை. அடிக்காமல் ஓட்டினால் வானுக்குள் சத்தமே இல்லை. மூன்று பேர் இருக்கவேண்டிய வானில் இரண்டு பேர் இருப்பது நன்றாகக் கேட்டது. அதனால் அடுத்த வளைவுக்கும் அடித்தேன்.

கழிப்பறைப் பெட்டியை இழுத்துப்போய்க் காலிசெய்வதும் என் வேலை. மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு அதை உருட்டிப் போகையில், "மகனே, இதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டாய்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். திரும்பினால் பின்னால் மனைவி, குப்பைப் பையோடு. அவள் பையைப் போட்டுவிட்டு வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுடைய ஃபோனில் ஒரு படம் இருந்தது. ஒரு தட்டைக் கல்லில் மகன் இருக்கிறான், கீழே பால் கலந்த மாதிரி ஒரு ஏரி, பின்னால் பனி மலை, மடியில் சோற்றுப் பெட்டி. "அம்மா, சோறு குழைஞ்சிட்டுது" என்று எழுதி அனுப்பியிருந்தான். அந்தக் கல்லில்தான் படைக்கவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

திவசத்தன்று விடிய எழும்பி வானுக்குள்ளேயே சமைத்தாள். குளித்துவிட்டு, ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, அந்தக் கையகல அடுப்பில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பொரியல். நான் தாளிக்கிற புகைக்கு யன்னலைத் திறந்து, பக்கத்து வான்காரருக்குக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் தாங்களும் கும்பிட்டார்கள்.

அவள் விரதம். பச்சைத்தண்ணி மட்டும். அவளுக்குச் சலரோகம், குளிசை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சீனி இறங்கி மயக்கம் வரும். "காலமைக் குளிசையைப் போட்டிட்டீரே?" என்று நான் கேட்டபோது அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள். மத்தியானத்துக்குள் படைத்துச் சாப்பிட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். என் இளைப்பை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. பாதை படிகளாக ஏறிக்கொண்டே போனது. கம்பு ஊன்றிய கிழவிகள் எல்லாம் "ஹலோ" சொல்லி என்னைத் தாண்டினார்கள். நான் பூப்பார்க்கிறவன் மாதிரி அடிக்கடி குனிந்து நின்றேன்.

மேலே போனால் தட்டைக் கற்கள் எத்தனையோ. எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அவள் ஃபோனைத் தூக்கிப் பிடித்து, மலையோடு மலையைப் பொருத்திப் பார்த்து நடந்தாள். கடைசியில் ஒன்றில் கையை வைத்தாள்.

"இதுதான்."

பக்கத்துக் கல்லாகவும் இருக்கலாம் என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை. வாழ்க்கையில் நான் வாய் திறக்காமல் விட்ட சில நல்ல சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

வாழையிலைக்குப் பதிலாகக் கேக் தாளை விரித்து எல்லாவற்றையும் படைத்தாள். காற்றுக்கு விளக்கு நிற்கவில்லை. தண்ணீரைச் சுற்றித் தெளித்தாள். கும்பிட்டோம். பிறகு ஒரு பிடி சோற்றைப் பிசைந்து கல்லின் ஓரத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, எங்கள் பல்கனியில் பார்ப்பதுபோல மேலே பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். வெறும் வானம்.

"காகம்...?" என்றாள்.

நான் எழுந்து நின்று "கா, கா" என்று கத்தினேன். பனிமலை அதைத் திருப்பிச் சொன்னது. கீழே போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் அண்ணாந்து பார்த்தது. மறுபடி கத்தினேன். பெரிய பச்சைக் கிளி ஒன்று எங்கிருந்தோ வந்து இறங்கி, சோற்றை நோக்கித் தத்தித் தத்தி வந்தது. எனக்கு வந்த சந்தோஷம்! "வந்திட்டுது, வந்திட்டுது!"

அவள் கையை நீட்டி மறித்தாள். "பறவையளுக்குத் தீன் போடக்கூடாதெண்டு கீழ போர்ட் போட்டிருக்கு."

"ஆர் பார்க்கப் போயினம்?"

"பிள்ளை இருந்த நாடு. அவன்ர பேரைக் கெடுக்கேலாது."

கிளி என் சப்பாத்து நூலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. பிறகு ஒன்றுமே வரவில்லை. வெயில் சாய்ந்தது. அவளுடைய உதடு காய்ந்திருந்தது. போத்தலைத் திறக்கப்போன கை நடுங்குவதைக் கண்டேன். நெற்றியில், அந்தக் குளிரிலும், வியர்வை.

"இஞ்சரும், ஒரு வாய் சாப்பிடும். சீனி இறங்குது. இறங்கி நடக்கவும் வேணும்."

"அவன் சாப்பிடேல்லை."

"அவன் கோவிக்க மாட்டான்."

"அவன் சாப்பிடேல்லை எண்டு சொல்லுறன்."

பையில் இருந்த டொபியை உரித்து நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினாள். பக்கத்தில் மனிதர் இல்லை. என்னிடம் இருந்தது என் வாய் ஒன்றுதான். அது இரண்டு வருஷமாகச் செய்துவந்த வேலையைச் செய்யத் தொடங்கியது. போன தடவை வந்த வெள்ளவத்தைக் காகங்களுக்கு டிக்கெட் போட்டிருக்கலாம், விசாவில் நிறம் பார்த்து மறித்திருப்பார்கள் என்று ஏதோ சொல்ல வந்தேன். பாதியில் சொல் நின்றுவிட்டது. அந்தக் கல்லில் அவன் இருந்தான் என்பதும், குழைந்த சோற்றைத் தனியே தின்றான் என்பதும், நான் வந்திருந்தால் அந்தப் படத்தில் நானும் இருந்திருப்பேன் என்பதும் ஒரேயடியாக வந்து முன்னால் நின்றன.

கல்லின் ஓரத்தில் முழங்காலில் இருந்தேன். சோற்றுப் பிடி காற்றில் காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. காற்றுக்குக் கண்ணில் நீர் வருகிறது என்று நினைத்துச் சட்டைக் கையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. மூக்கும் வடிந்தது.

"நான் சாப்பிடட்டே?" என்று கேட்டேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை. "காகத்துக்குப் பதிலா. அவன்ர அப்பன்தானே. நான் திண்டா அவனுக்குப் போய்ச் சேராதோ?"

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். இந்த இரண்டு வருஷத்தில் அது நனைந்து அவள் கண்டதில்லை. பிறகு சேலைத் தலைப்பு என்று நினைத்துக் குளிர்ச்சட்டையின் நுனியை இழுத்து என் கன்னத்தைத் துடைத்தாள்.

"முதல் அழுது முடியுங்கோ."