பிலோமினாள் தைத்த முழுச்சட்டை

சந்தவாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிலோமினாள் ஆம்பிளைகளின் முகத்தைப் பார்க்க மாட்டாள், நெஞ்சைத்தான் பார்ப்பாள். இதை முதன்முதலாகக் கவனித்த பக்கத்து வீட்டு மதலேனாள் பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அடியே வெக்கங்கெட்டவளே! ஊரு ஆம்பளைங்க மார்ல இன்னாடி இருக்குது?"

"காஜா இருக்குது. எல்லாம் என் காஜா," என்றாள் பிலோமினாள், தன் நஞ்சையைச் சுற்றிக் காட்டும் மிராசுதார் தோரணையில்.

பொய் இல்லை. அந்த எண்பதுகளில் சந்தவாசல் வட்டாரத்தில் சட்டை போட்டவர்களில் பாதிப் பேர் சிங்காரம் டைலர் கடையில் தைத்தவர்கள். அங்கே துணியை வெட்டுவது சிங்காரம். கத்திரியை வேறு யாரும் தொடக்கூடாது, தொட்டால் சாமி குத்தம். வெட்டியதை மிஷினில் ஓட்டுவது தங்கவேல். அவன் ஓட்டிப் போட்டதை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், பொத்தான் நுழையும் ஓட்டையைச் சுற்றி நூல் பின்னி, பொத்தான் வைத்து, ஓரம் மடித்துத் தருவது பிலோமினாள். ஆலங்காயத்தில் கன்னியர் மடத்துச் சிஸ்டர்களிடம் ஊசி பிடித்துப் பழகிய கை. வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் காஜாதான், காஜா மட்டும்தான்.

ஊர் என்ன சொல்லும்? "சிங்காரம் தையல்னா சிங்காரம் தையல்தான்" என்று சொல்லும். காலருக்கு உள்ளே தைத்த துண்டுத் துணியில் இருப்பதும் சிங்காரத்தின் பெயர்தான். "இது பிலோமினா தெச்ச சொக்கா" என்று ஒரு நாக்கு, ஒரே ஒரு நாக்கு சொன்னதில்லை. பிலோமினாளின் வயிற்றெரிச்சல் அதுதான். சும்மா சொல்லக் கூடாது, நியாயமான வயிற்றெரிச்சல்.

எரிகிற நெருப்பில் நெய் ஊற்றினான் அவள் தம்பி ஜேம்ஸ். திருப்பத்தூரில் தங்கிச் சமூகவியல் படித்தவன். கல்யாணம் நிச்சயமாகி அக்கா வீட்டுக்கு வந்தவன், அவள் காஜா எடுப்பதைப் பார்த்துக்கொண்டே தன் பாடத்தை அவிழ்த்துவிட்டான்.

"அக்கா, சீமையில ஒரு தாடிக்காரர் உன்னைப் பத்தி எழுதியிருக்கார். வேலைய துண்டு துண்டாப் பிரிச்சிட்டா, செய்யறவனுக்கு அது தன் பொருள்னே தோணாதாம். தன் கை செஞ்சதே தனக்கு அந்நியமாப் பூடுமாம்."

பிலோமினாள் ஊசியை நிறுத்தினாள். "அட மாதாவே! எங்கியோ சீமையில இருக்கிற தாடிக்காரருக்கு என் வயித்தெரிச்சல் எப்படிடா தெரிஞ்சது?"

"இரு, இன்னொரு தாடிக்காரர் வேற மாதிரி சொல்றார். ஆளுக்கொரு வேலையாப் பிரியறதாலதான் ஒருத்தர விட்டு ஒருத்தர் இருக்க முடியாம ஜனங்க ஒட்டிக்கினு இருக்காங்களாம்."

"அந்த ஆளு சிங்காரத்துக்கிட்ட வேல செஞ்சிருக்க மாட்டாரு," என்றாள் பிலோமினாள்.

அன்றே முடிவெடுத்துவிட்டாள். தம்பியின் கல்யாணச் சட்டையை வெட்டுவது முதல் பொத்தான் வரை அவளே தைப்பாள். கடைக்குப் போய்ச் சொன்னபோது சிங்காரம் வாயிலிருந்த வெற்றிலை தெறிக்கச் சிரித்தார்.

"ஏம்மா, ஊசி புடிக்கிற கை வேற, கத்திரி புடிக்கிற கை வேற. பேசாம மூட்டைய எடுத்துக்கினு போ. உன் தம்பி கல்யாணத்துக்கு மாப்ள வூட்டு ஆம்பளைங்க சொக்கா மொத்தமும் காஜாவுக்கு நிக்குது."

"அப்ப நீயே எடுத்துக்கண்ணா உன் காஜாவ!"

"எடுத்துக்கிறேன் போ! இது இன்னா மலையப் பேக்குற வேலையா?"

பிலோமினாள் மூட்டையைத் தொடாமல் விறுவிறுவென்று வந்துவிட்டாள். மிஷினில் குனிந்திருந்த தங்கவேல் மட்டும், "அய்யோ அக்கா" என்று முனகினான்.

ஜேம்ஸ் திருப்பத்தூரிலிருந்து வாங்கி வந்திருந்த டெரிகாட்டன், ஒரு பக்கம் மட்டும் பளபளக்கிற உயர்ந்த ரகம். மதலேனாளின் மிஷினைக் கடன் வாங்கி, பழைய சட்டை ஒன்றைக் காகிதத்தில் வரைந்து, செபம் சொல்லிவிட்டுக் கத்திரியை வைத்தாள். துணி சர்ரென்று பிரிந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு சந்தோஷத்தையா இந்தச் சிங்காரம் தனியாகவே அனுபவித்துக்கொண்டிருந்தார்! முதுகு சேர்ந்தது. காலர் நிமிர்ந்து நின்றது. காஜாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பாட்டுப் பாடிக்கொண்டே சட்டையில் கைகளை ஏற்றித் தைத்து, கணவன் பிலிப்ராஜைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

பிலிப்ராஜ் போட்டார். இடது கை சரியாக இருந்தது. வலது கை முறுக்கிக்கொண்டு நின்றது.

"கை என்னுதுதான். ஆனா சொக்கா அத ஒத்துக்கலியே," என்றார் அவர்.

பிலோமினாள் குனிந்து பார்த்தாள். ஒரு கையை வெட்டிவிட்டு, காகிதத்தைத் திருப்பிப் போடாமல் அப்படியே வைத்து அடுத்த கையையும் வெட்டியிருக்கிறாள். இரண்டும் இடது கை. புரட்டித் தைத்தால் பளபளப்பு உள்ளே போய்விடும். மறுநாள் காலையில் கல்யாணம், மிச்சத் துணி கைக்குட்டைக்குக்கூடக் காணாது. உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையை முந்தானைக்குள் மறைத்து, கடையைப் பார்க்க நடந்தாள்.

ஏரிக்கரையில் பாதி தூரம் போனபோது எதிரே சிங்காரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் ஒரு மூட்டை. இருவரும் நின்றார்கள்.

"இன்னாண்ணா இந்தப் பக்கம்?"

"சும்மாதான். ஏரியில தண்ணி எவ்ளோ கெடக்குதுன்னு பாத்துட்டுப் போலாமேன்னு."

"மூட்டையோடயா?"

சிங்காரம் தொண்டையைக் கனைத்தார். "நீ எங்க போற?"

"மாட்டக் காணோம். தேடிக்கினு வர்றேன்."

"உங்க வூட்ல ஏதும்மா மாடு?"

அதற்கு மேல் இருவராலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சிங்காரம் மூட்டையை அவிழ்த்தார். அவர் எடுத்த காஜாவில் பொத்தான் என்ன, கட்டைவிரலே நுழைந்து வெளியே வந்தது.

"காஜாவாண்ணா இது? எலி கடிச்ச மாதிரி இருக்குது!"

"என் வெரலப் பாரும்மா, சல்லடையாப் பூட்ச்சி. சரி, முந்தானைக்குள்ள இன்னா?"

காட்டினாள். சிங்காரம் சட்டைக் கையை ஆட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் எடது கை!" என்று கத்தியவர் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஏரியில் நின்ற கொக்குகள் எழுந்து மலைப் பக்கம் பறந்தன.

கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். சிங்காரம் இரண்டு கைகளையும் பிரித்து, அளவு மாற்றி வெட்டி, அரைக்கைகளாக்கினார். கத்திரி நகர்வதைப் பிலோமினாள் கண்கொட்டாமல் பார்த்தாள். அவரும் அன்று அவள் பக்கம் திருப்பி வைத்தே மெதுவாக வெட்டினார். தங்கவேல் கைகளை ஏற்றினான். அதற்குள் அவள் எலி கடித்ததையெல்லாம் பிரித்து, இறுக்கி, புதிதாகப் பின்ன ஆரம்பித்திருந்தாள். சட்டை வாங்க வந்த ஜேம்ஸ் வாசலில் நின்று சீண்டினான்.

"இப்ப சொல்லுக்கா, எந்தத் தாடிக்காரர் சொன்னது சரி?"

பிலோமினாள் நூலைப் பல்லால் கடித்தாள். "ரெண்டு பேருமே சொக்கா தெச்சதில்லடா. போய் டீ வாங்கியா."

கடைசியில் சிங்காரம் வழக்கம்போல் மேசை இழுப்பறையைத் திறந்து, தன் பெயர் போட்ட துண்டு ஒன்றை எடுத்தார். காலருக்கு நேரே வைத்துப் பார்த்தார். பிறகு அதைத் திரும்ப உள்ளே போட்டு மூடிவிட்டார்.

மறுநாள் கோவிலில் ஜேம்ஸ் மோதிரம் போட்டபோது, தை மாதக் குளிரில் அரைக்கைக்குக் கீழே ரோமம் குத்திட்டு நின்றது. கல்யாணப் பூரிப்பு என்று சாமியார் நினைத்திருப்பார். பின்னால் வரிசையாக நின்ற மாப்பிள்ளை வீட்டு ஆம்பிளைகள் அத்தனை பேரின் நெஞ்சையும் பிலோமினாள் செபப் புத்தகத்துக்கு மேலாகப் பார்த்து முடித்தாள். ஒரு பொத்தான்கூட நழுவவில்லை.

பந்தியில்தான் அது நடந்தது. பெண்ணின் தகப்பனார் ஆரோக்கியநாதன், வாழ்க்கை முழுக்கத் துணியில் குறை சொல்லியே வளர்ந்தவர், மருமகனின் காலரைத் தடவினார், உள்ளே புரட்டியும் பார்த்தார்.

"எடுப்பா கீதே! சிங்காரம், உன் தையலா? பேரக் காணோமே?"

சிங்காரம் அப்பளத்தை இலையில் வைத்தார். பந்திக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "என்னுது இல்லீங்க. அது பிலோமினா தெச்ச சொக்கா. நான் கைய கொஞ்சம் குட்டையாக்குனேன், அவ்ளோதான்."

சாம்பார் வாளியோடு நின்ற பிலோமினாளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஒரு வார்த்தைக்கு என்னென்ன பதில் பேச வேண்டுமென்று எத்தனையோ வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தவள். சந்தோஷத்தில் அத்தனையும் மறந்துபோய், சாப்பிட்டு முடித்தவர் இலையிலேயே மறுபடி சாம்பார் ஊற்றினாள்.

"அப்படியாம்மா! சரி, வர்ற ஈஸ்டருக்கு என் சொக்காவ நீயே தெச்சிக் குடுத்துடு," என்றார் ஆரோக்கியநாதன்.

பிலோமினாள் சிங்காரத்தைப் பார்த்தாள். சிங்காரம் இலையைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு வாய் திரும்பியது.

"தாராளமா தெச்சித் தர்றேங்க. ரெண்டு கையும் ஒரே பக்கமா இருந்தா பரவால்லீங்களா?"

சிங்காரத்துக்குப் புரையேறிவிட்டது. தங்கவேல் ஓடி வந்து அவர் தலையில் தட்டினான்.