தேர்தல் பலகையில் செய்த விமானம்

சின்ன வயதில் நான் யாரையும் இலேசில் நம்பமாட்டேன். கடைக்காரர் பருப்பு நிறுக்கும்போது அவருடைய சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். ராகலை பஸ்ஸில் யாராவது கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், உண்மையில் தூங்குகிறாரா, நிற்பவர்களுக்கு இடம் கொடுக்காமலிருக்க நடிக்கிறாரா என்று இறங்கும்வரை கவனிப்பேன். “இவ பொலிசுக்குத்தான் போவா” என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. நான் சந்தேகப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அம்மாவின் தம்பியைச் சந்தேகப்பட்டதை மட்டும் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மாமா கொழும்பில் பெயர்ப்பலகை செய்யும் கடையொன்றில் ஏழெட்டு வருடம் வேலை செய்தவர். நான் ஆறாம் தரம் படித்த வருடம், கடையை மூடிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு ஒரு பையோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, வரிசை வீட்டுக்கு, வந்து சேர்ந்தார். எங்களுக்கு இருந்தது காம்பரா என்கிற ஒரே அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு சின்னத் திண்ணை. இஸ்தோப்பின் ஒரு ஓரத்தை மாமா பிடித்துக்கொண்டார். வந்த இரண்டாவது வாரமே பலகை பொறுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் தேர்தல் முடிந்திருந்தது. நுவரெலியாவிலிருந்து ராகலை வரைக்கும் லைட் கம்பங்களில் வேட்பாளர்கள் கைகூப்பிக்கொண்டு தொங்கினார்கள். பெட்டி அட்டையைப் போல நடுவில் குழாய் குழாயாக ஓடும் பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்த பலகைகள் அவை. தேர்தல் முடிந்தால் எங்கள் பக்கத்தில் அவற்றுக்கு நல்ல கிராக்கி. கோழிக்கூட்டுக்குக் கூரை, ஒழுகும் தகரத்துக்கு அடைப்பு, குளிருக்கு ஜன்னல் மறைப்பு என்று வீட்டுக்கு ஒரு வேட்பாளர் இருப்பார், பெரும்பாலும் தலைகீழாக. மாமாவும் அப்படி ஏதோ செய்யப்போகிறார் என்றுதான் நினைத்தோம். அவரோ பலகைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, இரும்பு அடிமட்டத்தை வைத்துப் பிளேட்டால் கீறத் தொடங்கினார்.

அது விமானம் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. அட்டையின் ஒரு பக்கத் தோலை மட்டும் குழாய் ஓடும் வாக்கில் கீறினால், அது முறியாமல் கதவு மாதிரி மடங்கும். இறக்கையின் முன்விளிம்பை அப்படித்தான் மடித்து, உள்ளே மெல்லிய மரச்சட்டம் வைத்து, பசையை உருக்கி ஒட்டினார். மோட்டர், ரிமோட் எல்லாம் கொழும்புப் பையிலேயே இருந்தன. சாயங்காலமானால் விமானத்தை இரண்டு விரலில் தாங்கி, மூக்கு சரிகிறதா வால் சரிகிறதா என்று பார்ப்பார். சரிந்தால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவார். இடது இறக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு வேட்பாளரின் ஒற்றைக் கண்ணும் அரை மீசையும் அப்படியே இருந்தன. அது எந்தக் கட்சி மீசை என்று லயத்தில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. எனக்குக் கட்சி முக்கியமில்லை. பறக்கும்போது அந்தக் கண் கீழே பார்க்கும், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கீழே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், கிழங்குக் கொல்லை இருந்தது. லயத்துக்குப் பின்னால், தேயிலை செத்துப்போன சரிவில், ஆளுக்குக் கொஞ்சமாக வெட்டித் திருத்தி எங்கள் ஆட்கள் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டிருந்தார்கள். அப்பா போட்டது ஒன்பது வரப்பு. காணி தோட்டத்துக்குச் சொந்தம், வியர்வை எங்களுக்குச் சொந்தம் என்ற நிலைமை. முன்பு இருந்த தொரை, தோட்டத்து மனேஜர், கண்டும் காணாமல் விட்டார். புதிய தொரை வந்ததும் ஜீப்பில் ஆட்கள் வந்து, மூன்றுகால் கருவியை நிறுத்தி அளந்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு நாள் காலைப் பெரட்டில், அதாவது எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஒரு காகிதத்தை வாசித்தார். அந்தச் சரிவைத் தோட்டம் திரும்ப எடுக்கப்போகிறதாம், அங்கே பயிர் செய்திருப்பவர்களுடைய பேர் வெட்டப்படுமாம். பேர் வெட்டினால் வேலை போகும், வேலை போனால் காம்பராவும் போகும். அன்றிலிருந்து லயத்தில் யார் இருமினாலும் ஏன் இருமுகிறார் என்று பார்த்தோம்.

இந்த நேரத்தில்தான் மாமா விமானத்தின் வயிற்றில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுர ஓட்டை வெட்டினார்.

“மாமா, இந்த ஓட்டை என்னாத்துக்கு?”

“காத்துப் போக, புள்ள. மோட்டர் சூடாகுமில்ல?”

“மோட்டர் மூக்குலதானே இருக்கு?”

“ஒனக்குப் படிக்கிற வேல இல்லையா?” என்றார் மாமா. கேள்விக்குக் கேள்வி பதிலாக வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்பது என் அனுபவம்.

அன்றிலிருந்து பின்தொடர ஆரம்பித்தேன். மாமா ஒரு நாள் கொல்லைகளுக்கு நடுவே நடந்து, காலடிகளை எண்ணி, ஒரு கொப்பியில் படம் கீறினார். யாருடைய வரப்பு எங்கே முடிகிறது என்று அப்பாவிடமே கேட்டார். போன் வந்தால் மேட்டில் ஏறிப் போய், குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் பேசினார். எனக்குப் பள்ளிக்கூடச் சிங்களம்தான் தெரியும். ஆனாலும் ‘போட்டோ’, ‘உட இந்தன்’, ‘இரிதா’ என்ற மூன்றும் காதில் விழுந்தன. உட இந்தன் என்றால் மேலேயிருந்து. இரிதா, ஞாயிற்றுக்கிழமை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பின்னேரம் கண்டாக்கின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டு வந்து இறங்கினார். மழைக்கு ஒதுங்கி நின்றவரை கண்டாக்கு ஏற்றி வந்ததாகச் சொன்னார். அன்று மழையே இல்லை, தூறல்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மாமா பற்றரி வாங்க நுவரெலியாவுக்குப் போனார். இரவு கூட்டாளி வீட்டில் தங்கி, காலையில் முதல் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். அவர் போனதும் நான் அந்தப் பையைத் துழாவினேன். பழைய சட்டைக்குள் சுற்றி, அந்தச் சதுர ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு சின்னக் கெமரா இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

அம்மாவிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அம்மா அவருடைய அக்கா, அவளையும் நான் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தேன். அப்பா வேலையிலிருந்து வரவில்லை. ஆகவே பீலிக்குப் போனேன். மலையிலிருந்து குழாயில் தண்ணீர் விழும் அந்த இடத்தில்தான் அப்பாவின் தங்கச்சி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டு ஆட்கள் என்றாலே அத்தைக்கு ஆகாது. நான் கெமராவில் தொடங்கி மோட்டார் சைக்கிள் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அத்தை சோப்பைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, ஈரக்கையாலேயே என் கன்னத்தைத் தடவினாள்.

“எந் தங்கம். நம்ம ரத்தம் சும்மா இருக்குமா?”

அத்தையிடம் ஒன்று சொல்வதும் கோயில் ஸ்பீக்கரில் சொல்வதும் ஒன்றுதான். நான் ஒரு குடம் தண்ணீரோடு வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. நாளைக்குக் காலையில் விமானம் மேலே போய்க் கொல்லை கொல்லையாகப் படம் பிடிக்கும், திங்கட்கிழமை பெரட்டில் பேர் வாசிப்பார்கள். இஸ்தோப்புகளில் ஆட்கள் கூடினார்கள். கொல்லையே இல்லையென்றால் யாருடைய பேரை வெட்டுவார்கள் என்று யாரோ கேட்டார்கள். அந்த யோசனை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கிழங்கு முற்ற இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

“ஒந் தம்பி செஞ்ச வேலயப் பாத்தியா?” என்று அப்பா அம்மாவைக் கேட்டார். அத்தனை பேருக்கு முன்னால் அவர் அம்மாவிடம் அப்படிக் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை.

 அம்மா போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போனாள். காதில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பேசியதாகத் தெரியவில்லை. தம்பியைத் திட்டப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அத்தை வழியை மறித்தாள்.

“என்னா அண்ணி, ஒங்க கொல்லய மட்டும் விட்டுவப்பீங்களா? ஒங்களுக்குத்தான் மேல ஆள் இருக்கே.”

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா மண் கிளறும் முள்ளுக்கரண்டியை எடுத்துக்கொண்டு நேரே சரிவில் இறங்கினாள். முதல் செடியைப் பிடுங்கியது அம்மாதான். அவளுக்குப் பின்னால் லயமே இறங்கியது. பனி மூடி வர வர, முப்பது நாற்பது பேர் குனிந்து செடிகளைப் பிடுங்கி, வரப்புகளைக் கலைத்து, மண்ணைச் சமப்படுத்தினார்கள். எலுமிச்சங்காய் அளவு கிழங்குகளை நான் கூடையில் பொறுக்கினேன். அம்மா ஒரு தடவைகூட நிமிரவில்லை. அவள் அத்தனை வேகமாக வேலை செய்ததைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் மாமா வந்தார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு வரும் பாதை கொல்லைகளை ஒட்டித்தான் போகிறது. நான் இஸ்தோப்பிலிருந்து அவரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். சரிவுக்கு வந்ததும் நின்றார். அந்தச் சிவப்பு மண்ணை வெகுநேரம் பார்த்தார். லயத்தில் கதவுகள் சாத்தியிருந்தன, ஆனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆள் இருந்தது. அப்பா முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். அவளும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது.

மாமா பற்றரியைப் பொருத்தினார். பையிலிருந்து கெமராவை எடுத்தார். இதோ வைக்கப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் அதை என் கையில் வைத்தார்.

“இத வச்சிக்க புள்ள. வீணா எதுக்கு அதுக்குப் பாரம்.”

பிறகு மேட்டில் ஏறி, விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தார். ஒரு கணம் கீழே தாழ்ந்தது, பிறகு மோட்டர் உறுமிக்கொண்டு எழும்பியது. தேயிலைக்கு மேலே, லயத்துக் கூரைகளுக்கு மேலே, வெறும் மண்ணுக்கு மேலே அது வட்டமடித்தது. கதவுகள் மெல்லத் திறந்தன. பார்ப்பதா ஒளிவதா என்று தெரியாமல் சிலர் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். மாமா முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பற்றரி தீரும்வரை பறக்கவிட்டார். நானோ கையிலிருந்த கெமராவை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னது பொய்யில்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்த வாரம் நுவரெலியாவிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பார்த்தார்கள், எழுதினார்கள், போனார்கள். அந்த மாதமே சரிவைச் சுற்றிக் கம்பி போட்டு யூகலிப்டஸ் நட்டார்கள். யாருடைய பேரும் வெட்டப்படவில்லை. ஆகவே பல காலம் லயத்தில் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னார்கள். மாமா அதற்குள் கொழும்புக்கே திரும்பிவிட்டார்.

போன வருடம் அம்மாவைக் கண் டொக்டரிடம் காட்ட நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் அந்தச் சரிவைக் கடந்தது. மரங்கள் பெரிதாகிவிட்டன. “அவன் ஒரே ஒரு படம் எடுத்திருந்தா அந்த மண்ணு நம்மகிட்ட இருந்திருக்கும்” என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சொன்னாள். பல வருடமாகப் பயிர் செய்கிறவர்களுக்கு அந்தக் காணியை எழுதிக் கொடுக்கலாமா என்று விசாரிக்கத்தான் அதிகாரிகள் வந்தார்கள். தரிசு நிலம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்திருந்தது. அதிகாரிகள் வருமுன் தோட்டம் கொல்லைகளை அழித்தாலும், மேலேயிருந்து ஒரு படம் இருந்தால் அதை மறுக்கலாம் என்று மாமாவிடம் சொன்னது அந்தக் காரியாலயத்தில் வேலை செய்த அவருடைய சிங்களக் கூட்டாளி. கண்டாக்கு காதுக்கு எட்டினால் தடுத்துவிடுவார்கள் என்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அப்பா வாயில் எதுவும் நிற்காது.

“அப்ப நீங்க ஏம்மா மொதல்ல போய்ப் புடுங்குனீங்க? சொல்லியிருக்கலாமே.”

“யார்ட்ட சொல்றது? கெமராவத்தான் நீ பாத்துட்டியே, பொறகு யாரு நம்புவா? அவனுக்குப் போனும் கெடைக்கல. நம்ம கொல்ல மட்டும் பச்சையா நின்னிருந்தா, காட்டிக் குடுத்தவன் குடும்பம்னு ஒன்னயும் சேத்துதான் சொல்லியிருப்பாங்க. நீ அந்தப் பீலியிலதானே தண்ணி எடுக்கணும்.”

நான் அத்தையிடம் போய்ச் சொன்னதைப் பற்றி அம்மாவிடம் ஒருநாளும் பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் கிழங்கு பொறுக்கிக்கொண்டே நான் திரும்பத் திரும்ப நினைத்தது ஒன்றுதான்: கடைசியில் அம்மாவும் என்னை நம்பிவிட்டாள்.